எட்டு மேசைக்கு ஒரு சர்வர்: தின் கிளையன்டில் மூன்று வருடம்

2022 ஜூன் 18. காலையில் மூன்றாவது மேசைக் கம்ப்யூட்டர் கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஹார்டு டிஸ்க் போயிருந்தது. 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. 3பி என்ற மாதாந்திரப் படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். கொசுவலை நெய்யும் ஒரு வாடிக்கையாளரின் ஏப்ரல், மே மாதக் கணக்கு, டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிந்தது, அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. பேக்கப் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இருந்தது, மார்ச் வரைக்கும். பில் கட்டுகளைத் திரும்ப வாங்கி வந்து, இரண்டு ராத்திரி நான்கு பேர் உட்கார்ந்து மறுபடி பதிந்தோம்.

கரூரில் ஜி.எஸ்.டி., வருமான வரி தாக்கல் செய்யும் சிறிய அலுவலகம் எங்களுடையது. என்னையும் சேர்த்து எட்டுப் பேர், எட்டு மேசை. வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்பவர்கள், பஸ் பாடி கட்டும் பட்டறைக்காரர்கள், மண்டிக்காரர்கள் என்று வாடிக்கையாளர்கள். கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருடம் வாங்கியவை. சிலது பத்து வயதைத் தாண்டியிருந்தது. எல்லாவற்றையும் மாற்றலாம் என்று ஹார்டுவேர் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன். ஒரு கம்ப்யூட்டருக்கு ₹38,000 வீதம் எட்டுக்குக் கொடுத்த கொட்டேஷன் மூன்று லட்சத்தைத் தாண்டியது. நான் யோசித்ததைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "அக்கா, எட்டு சிஸ்டம் மாத்தறதுக்குப் பதிலா ஒரே ஒரு நல்ல சர்வர் போட்டுட்டு, மேசைக்கு ஒரு சின்ன பாக்ஸ் வச்சுரலாங்க. பாக்ஸ் நாலாயிரத்து ஐநூறுதாங்க."

அந்த நாலாயிரத்து ஐநூறுதான் என்னை இழுத்தது. மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன், பெட்டியின் விலையை வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. எங்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே அமைந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த காரணத்துக்காக அமையவில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. தின் கிளையன்ட் என்பது கனமான புத்தகம் அளவுக்கு ஒரு பெட்டி. அதில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் கேபிள் சொருகினால் போதும். டேலி, பிரவுசர், கணக்கு ஷீட் எல்லாம் உள்ளறையில் இருக்கும் சர்வர் என்ற ஒரே கம்ப்யூட்டரில் ஓடும். நாம் அடிக்கும் எழுத்து அங்கே போகிறது, அங்கிருந்து திரையின் படம் இங்கே வருகிறது. புதிய யோசனையும் இல்லை. சென்னையிலேயே நோவேடியம் என்ற நிறுவனம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் பங்களிப்போடு, 2000களின் நடுவில் குறைந்த விலையில் இப்படிப்பட்ட நெட் பி.சி.யை வீடுகளுக்குக் கொண்டுபோகப் பார்த்தது. இன்று வங்கிக் கிளைகளிலும் கால் சென்டர்களிலும் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

அப்படிப் பெரிய அலுவலகங்கள் கழித்துப் போடும் பெட்டிகள்தான் நமக்கு வழி. டெல் வைஸ், ஹெச்பி போன்றவற்றின் பழைய மாடல்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தன. ஐந்து வாங்கினோம். மின்விசிறி கிடையாது, சத்தம் கிடையாது, உள்ளே தூசி சேர்வதும் குறைவு. பழையது வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலில் அடாப்டர். பல கடைகளில் பெட்டி மட்டும்தான் தருவார்கள், சரியான வோல்டேஜில், சரியான முனையுள்ள அடாப்டரைத் தனியாகத் தேட வேண்டியிருக்கும். அடுத்தது மானிட்டர் இணைப்பு. சில மாடல்களில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே உண்டு. உங்கள் மானிட்டர் பழைய வி.ஜி.ஏ. என்றால் அதற்கு ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். மூன்றாவது, பெட்டி எழும்போது முதலில் ஓடும் பயாஸுக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறார்களா என்று. நாங்கள் வாங்கிய ஐந்தில் ஒன்று பூட்டியிருந்தது, திருப்பிக் கொடுத்து மாற்றினோம்.

ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் ஒன்றையும் சோதித்தோம். வேலைக்கு அதுவும் போதும். ஆனால் 2022இல் சிப் தட்டுப்பாட்டினால் அது சொன்ன விலைக்குக் கிடைக்கவே இல்லை. எஸ்.டி. கார்டில் ஓடுவதால் திடீர் மின்வெட்டு அதற்கு ஆகாது, இரண்டாவது மாதமே எங்கள் கார்டு கெட்டது.

மீதி மூன்று மேசைக்குப் புதிதாக எதுவும் வாங்கவில்லை. இருந்த பழைய கம்ப்யூட்டர்களிலேயே நல்ல நிலையில் இருந்த மூன்றில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, ஹார்டு டிஸ்க் இல்லாமலே ஓடும் ஒரு சின்ன லினக்ஸை (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) போட்டார் தம்பி. சுவிட்சைப் போட்டதும் நேராக சர்வரின் லாகின் திரைதான் வரும். லினக்ஸ் தெரியாத பிள்ளைகளுக்கும் ஒரு குழப்பமும் இல்லை, ஏனென்றால் லினக்ஸை அவர்கள் பார்ப்பதே இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்த பிறகு, விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று தெரிந்த அலுவலகங்களில் எல்லாம் கேட்டார்கள். எடைக்குப் போடும் முன் இப்படி ஒரு வாழ்க்கை அதற்கு உண்டு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சர்வர் என்றால் பெரிய அலமாரி எல்லாம் இல்லை. எட்டு கோர் பிராசஸர், ஒன்றில் எழுதுவதை இன்னொன்றிலும் எழுதும் இரண்டு எஸ்.எஸ்.டி. டிஸ்க், மின்சாரம் கொடுக்கும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். கிட்டத்தட்ட ₹85,000. ரேம் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் செய்து 32 ஜி.பி. போட்டோம். டேலியை எட்டுப் பேர் திறந்தாலும் அது தாங்கும். பிரவுசர்தான் தின்கிறது. ஜி.எஸ்.டி. போர்ட்டல், வருமான வரி போர்ட்டல், வாட்ஸ்அப் வெப், மெயில் என்று ஆளுக்குப் பத்து டேப் திறந்தால், ஒருவருக்கே மூன்று ஜி.பி. ஆகிவிடுகிறது. விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்-1க்குக் கடைசி நாளான 11ஆம் தேதி மதியம் எட்டுத் திரையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு நின்றன. மறுநாள் 64 ஜி.பி. ஆக்கினோம், அதற்குப் பிறகு அந்தப் புகார் வரவில்லை. ஆளுக்கு நாலு ஜி.பி., விண்டோஸுக்கு எட்டு ஜி.பி., அதற்கு மேல் கொஞ்சம் காலியிடம் என்று கணக்குப் போடுங்கள்.

அடுத்தது லைசென்ஸ். இதைத்தான் நிறையப் பேர் மறைக்கிறார்கள், அல்லது தெரியாமல் விடுகிறார்கள். சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். எட்டுப் பேர் உட்கார விண்டோஸ் சர்வர் வேண்டும். அதற்கு மேல் ஆளுக்கு ஒரு சர்வர் அணுகல் உரிமம், அதற்கும் மேல், மேசையில் இருந்தபடி சர்வரின் திரையில் வேலை பார்க்க ஆளுக்கு ஒரு ரிமோட் டெஸ்க்டாப் உரிமம். இந்தக் கடைசி உரிமத்துக்கு 120 நாள் அவகாசம் உண்டு. அதுவரை எல்லாம் இலவசம் போலவே ஓடும். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொல்லிச் சர்வர் போட்டுக் கொடுத்தவர் போய்விட்டார். 120 நாள் முடிந்ததும் யாருமே உள்ளே நுழைய முடியவில்லை. சாதாரண விண்டோஸிலேயே பல பேரை நுழைய விடும் 'பேட்ச்' இருக்கிறது என்றும் சொல்வார்கள். அது உரிமத்தை மீறுவது, ஒரு அப்டேட் வந்தால் நின்றும் போகும். ஊரார் கணக்கைச் சட்டப்படி எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில், சொந்த அலுவலகத்தில் அப்படிச் செய்ய மனம் ஒப்பவில்லை.

கடையில் பெட்டியில் வாங்கும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் இந்த மாதிரிச் சர்வரில் ஏறாது, அதற்கும் வேறு வகை உரிமம் வேண்டும். நாங்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸுக்கு மாறினோம். இரண்டு மாதம் முணுமுணுப்பு இருந்தது, பிறகு பழகிவிட்டது. டேலியையும் ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தும் கோல்டு லைசென்ஸுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

ஆக, கூட்டிப் பார்த்தால் பெட்டிகள் ₹22,500, சர்வர் ரேமோடு சேர்த்து ஒரு லட்சத்துக்குப் பக்கம். உரிமங்களோ அந்தச் சர்வர் விலையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எட்டு புது கம்ப்யூட்டருக்குச் சொன்ன அதே மூன்று லட்சத்தைத் தாண்டித்தான் வந்து நின்றோம். முதல் நாள் செலவில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

லினக்ஸ் சர்வர் என்றால் இந்தக் கணக்கே வேறு. திண்டுக்கல்லில் என் அக்கா வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்தில் பத்து மேசை. கடிதம், பிரவுசர், சில கணக்கு ஷீட், இவ்வளவுதான் வேலை. அங்கே எல்.டி.எஸ்.பி. என்ற பழைய திறந்த மூலத் திட்டத்தை வைத்து நெட்வொர்க் வழியாகவே எல்லாப் பெட்டிகளையும் எழுப்புகிறார்கள். மேசையில் டிஸ்க்கே கிடையாது, உரிமச் செலவும் கிடையாது. அவர்களுக்குப் பணமும் உண்மையிலேயே மிச்சம். எங்களுக்கு டேலி விண்டோஸில்தான் ஓடும் என்பதால் அந்த வழி இல்லை.

மாறிய முதல் வாரத்தில் எங்களைத் திணறடித்தது டிஜிட்டல் கையெழுத்து. கம்பெனிகளின் ஜி.எஸ்.டி. தாக்கலுக்கு டி.எஸ்.சி. டோக்கன் வேண்டும், பென் டிரைவ் போல இருக்குமே, அது. சர்வர்தானே எல்லாவற்றையும் செய்கிறது என்று சர்வரின் யு.எஸ்.பி.யில் சொருகினோம். மேசையில் இருந்து பார்த்தால் டோக்கனே தெரியவில்லை. நாள் முழுக்கத் தேடிய பிறகுதான் காரணம் தெரிந்தது. மேசையில் இருந்து சர்வருக்குள் நுழைந்திருக்கும்போது விண்டோஸ், சர்வரில் சொருகிய டோக்கனைப் பார்க்காது, உட்கார்ந்திருப்பவர் மேசையில் சொருகிய டோக்கனைத்தான் தேடும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். சரி என்று மேசைப் பெட்டியில் சொருகினால், அங்கிருக்கும் லினக்ஸ் அந்த டோக்கனை அடையாளம் கண்டு சர்வருக்குக் கடத்த வேண்டும். சில டோக்கன் கடந்து போயின, சில போகவே இல்லை. போனாலும் இன்னொரு முட்டுக்கட்டை. கையெழுத்துப் போடுவதற்கான மென்பொருள் கம்ப்யூட்டருக்குள் ஒரு போர்ட்டை, அதாவது எண் போட்ட ஒரு வாசலை, பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஒரே சர்வரில் எட்டுப் பேர் இருந்தால், முதலில் திறந்தவருக்குத்தான் அந்தப் போர்ட். இரண்டாவது ஆளுக்குக் கையெழுத்து விழாது.

இதற்காக மெனக்கெட்டது போதும் என்று நானே ஒரு முடிவெடுத்தேன். சுவரோரம் ஒரு சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரை வைத்தோம், கையெழுத்துக்கு மட்டும். டோக்கன்கள் எல்லாம் அதன் பக்கத்தில் பூட்டிய டிராயரில். யார் படிவம் தயார் செய்தாலும் எழுந்து வந்து அங்கேதான் கையெழுத்து. எந்த டோக்கனை யார் எப்போது எடுத்தார்கள் என்று ஒரு நோட்டும் போட்டோம். முன்பு டோக்கன்கள் மேசை மேசையாகக் கிடந்ததை இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. ஜூம் கூட்டம், பயிற்சி வீடியோ இவற்றுக்கும் அந்தக் கம்ப்யூட்டர்தான். வீடியோவைச் சர்வர் வழியாக ஓட்டினால் படம் தட்டுத்தடுமாறும், பக்கத்து மேசை வேலையும் மந்தமாகும்.

பிரிண்டரை மேசைப் பெட்டியில் சொருகி, சர்வர் வழியாக அதற்கே திருப்பி அனுப்பும் முறையைத் தவிர்த்துவிடுங்கள். நெட்வொர்க் வசதியுள்ள லேசர் பிரிண்டரை வாங்கி, அதற்கு நிலையான ஐ.பி. (நெட்வொர்க் முகவரி) கொடுத்து, சர்வரில் ஒரே ஒருமுறை டிரைவர் போட்டால் போதும். இன்னொன்று, 'இயல்பான பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்ததால் ஒரு வாடிக்கையாளரின் பேலன்ஸ் ஷீட் வரவேற்பறைப் பிரிண்டரில் வந்து விழுந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் இன்னொரு வாடிக்கையாளர்.

தமிழ் விஷயத்தில் நல்ல அனுபவம். கூட்டுப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் வானவில், பாமினி என்று பழைய எழுத்துருக்களில் அடித்தவை எங்களிடம் நிறைய உண்டு. முன்பு ஒரு மேசையில் திறப்பது இன்னொரு மேசையில் கட்டம் கட்டமாக வரும். இப்போது சர்வரில் ஒருமுறை எழுத்துருவைப் போட்டால் எட்டுப் பேருக்கும் தெரிகிறது. தமிழ் 99 விசைப்பலகையையும் சர்வரில் மட்டும் போடுங்கள். மேசைப் பெட்டியின் லினக்ஸ் ஆங்கில விசைப்பலகையிலேயே இருக்கட்டும். இரண்டு பக்கமும் தமிழ் இருந்தால் எழுத்து குழம்பும்.

நெட்வொர்க்குக்குச் சுருக்கமாக. வைஃபை வேண்டாம், கேபிள் இழுங்கள். ஒரு மேசையை மட்டும் வைஃபையில் விட்டுப் பார்த்தோம், அடிக்கிற எழுத்து அரை நொடி கழித்துத்தான் திரையில் வந்தது, அந்தப் பிள்ளை இரண்டு நாளில் வேறு மேசை கேட்டாள். கேபிள்களை எல்லாம் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றைக் கூடுதலாக வாங்கி அலமாரியில் வையுங்கள். எங்கள் ஸ்விட்சின் அடாப்டர் ஒரு நாள் கருகி, எட்டுப் பேரும் கை கட்டி உட்கார்ந்திருந்தோம்.

இந்த ஏற்பாட்டை நான் மனதார விரும்ப ஆரம்பித்தது ஒரு மின்வெட்டு நாளில். மாதாந்திரப் பராமரிப்பு முடிந்து மின்சாரம் வந்துவிட்டது என்று இன்வெர்ட்டரைச் சரிபார்க்கும்போது, நொடிப்பொழுது எல்லாம் அணைந்தது. சர்வர் மட்டும் தனி யு.பி.எஸ்.ஸில். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன ஒரு பெண், காலையில் இருந்து ஜி.எஸ்.டி.ஆர்-2பி என்ற போர்ட்டல் தரும் கொள்முதல் வரிப் பட்டியலையும் எங்கள் கொள்முதல் பதிவேட்டையும் வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஷீட்டைச் சேமிக்கவில்லை. "மேடம், எல்லாம் போச்சு" என்று கண் கலங்கி நின்றாள். பெட்டி திரும்ப எழுந்ததும் பாஸ்வேர்டு போடச் சொன்னேன். விட்ட இடத்திலேயே, பாதி அடித்த எண்ணோடு, கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது, செலவழித்த மூன்று லட்சம் எனக்குக் கனக்கவில்லை.

மின்சாரமும் குறைந்தது. பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். பழைய டெஸ்க்டாப் மானிட்டர் இல்லாமலே 50 வாட்டைத் தாண்டும், பெட்டி 10 வாட்டுக்கு முன்னும் பின்னும். அதே இன்வெர்ட்டர் இப்போது கூடுதல் நேரம் தாங்குகிறது.

ஆனால் எல்லா முட்டையும் ஒரே கூடையில் இருக்கிறது என்ற பயம் நியாயமானது. 2023 செப்டம்பரில் சர்வரின் எஸ்.எம்.பி.எஸ். போய், ஐந்து மணி நேரம் மொத்த அலுவலகமும் நின்றது. டேட்டா போகவில்லை, ஒரு நாள்தான் போனது. அதற்குப் பிறகு சில ஏற்பாடுகள் செய்தோம். எஸ்.எம்.பி.எஸ். ஒன்று கையிருப்பில் இருக்கிறது. சர்வரை வர்ச்சுவல் மெஷினாக, அதாவது எந்தக் கம்ப்யூட்டருக்கும் தூக்கிப்போகக்கூடிய ஒரு கோப்பாக, மாற்றிவிட்டார் தம்பி, அதனால் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு மெதுவாகவாவது எழுப்ப முடியும். இரண்டு டிஸ்க் இருப்பதே பேக்கப் என்று ஏமாற வேண்டாம், தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். தினமும் ராத்திரி வெளி டிஸ்க்குக்கு ஒரு பிரதி போகிறது, வாரத்துக்கு ஒன்றைக் கழற்றி என் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கம்பெனிக் கணக்கைப் பேக்கப்பில் இருந்து மீட்டுத் திறந்து பார்க்கிறோம். ஜூன் 18க்குப் பிறகு இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வீட்டிலிருந்து வேலை கேட்டவர்களுக்காக ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டைத் திறந்து வைத்தால், உலகம் முழுவதிலும் இருந்து பாஸ்வேர்டைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். உள்ளே வந்துவிட்டால் எட்டு மேசையின் கோப்புகளையும் ஒரே மூச்சில் பூட்டிப் பணம் கேட்பார்கள். வயர்கார்டு போன்ற வி.பி.என். (பூட்டிய தனி இணைய வழி) போட்டு அதன் வழியாக மட்டும் விடுங்கள். பிரசவ விடுப்பு முடிந்த எங்கள் பெண் ஒருவர் குளித்தலையில் இருந்து ஆறு மாதம் இப்படித்தான் வேலை பார்த்தார். கணக்கு ஒன்றுகூட அலுவலகத்தை விட்டு வெளியே போகவில்லை.

யாராவது என்னிடம் கேட்டால், நான்கு மேசைக்குக் குறைவாக இருந்து விண்டோஸ்தான் வேண்டும் என்றால் இது வேண்டாம் என்பேன். நல்ல கம்ப்யூட்டர்கள் வாங்கி, டேட்டாவை மட்டும் ஒரு இடத்தில் வைத்து, பேக்கப்பை ஒழுங்காக எடுத்தால் போதும். படம் வரைவது, வீடியோ வெட்டுவது, கட்டட வரைபடம் என்றால் எத்தனை மேசை இருந்தாலும் வேண்டாம். எட்டு, பத்து பேர் நாள் முழுக்க எண்ணும் எழுத்துமாக அடிக்கும் அலுவலகம் என்றால் தயங்காமல் செய்யலாம், உரிமச் செலவை முதல் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொண்டு.

போன மாதம் ஐந்தாவது மேசைப் பெட்டி ஒன்று எரியாமல் போனது. அலமாரியில் கையிருப்பாக வைத்திருந்த ஒன்றை எடுத்து, நாலு கேபிளை மாற்றிச் சொருகினாள் அந்த மேசைப் பெண், தம்பியைக் கூப்பிடக்கூட இல்லை. டீ வருவதற்குள் வேலை தொடர்ந்தது. இந்த வருடத் தாக்கல் சீசன் முடிந்ததும் இரண்டாவது சர்வர் வாங்கப் போகிறேன். இப்போது இருப்பது கையிருப்புச் சர்வர் ஆகும். பெட்டிகளை மாற்றும் எண்ணம் இல்லை.